ஒழுங்கையைக் கடந்த இரண்டு கேபிள்கள்

போர் மறுபடியும் மூண்ட ஆண்டில் நான் திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். கணினிகளையும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள்களையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீடு பட்டினத்துக்கு வடக்கே, ஆமி சந்தேகத்தோடு பார்க்கும் தமிழ் ஊரான சாம்பல்தீவில். காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால் பட்டினம் போய்ச் சேரும்வரை சோதனைச் சாவடிகள்தான். தொடக்கத்தில் கேபிள் துண்டுகளையும் முனை நசுக்கும் குறட்டையும் பையில் வைத்துக்கொண்டு போவேன். முந்தின நாள் பார்த்த அதே ஆமிக்காரன் மறுநாளும் அவற்றை எடுத்துப் புரட்டி, "மே மொனவாத?" என்று கேட்பான். இது என்ன என்பதற்குச் சிங்களத்தில் பதில் சொல்ல எனக்கு ஐந்தாறு சொற்கள்தான் தெரியும். பிறகு எல்லாவற்றையும் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு மட்டும் போய்வரப் பழகிக்கொண்டேன்.

அலுவலகம் துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஒழுங்கையின் ஒரு பக்கம் முன்வீடு. அதன் கூரையில் செய்மதித் தட்டு, உள்ளே மேலாளரின் அறை, அச்சு இயந்திரம், வெளியுலகத்தோடு பேசும் பெட்டிகள். எதிர்ப்பக்கம் பின்வீடு. அங்கே களஞ்சியம், வாகனங்களோடு வயர்லெஸில் பேசும் வானொலி அறை, தொலைபேசி மேசை. இரண்டுக்கும் நடுவே மான்கள் படுத்துக்கிடக்கும். நாங்கள் எறியும் அட்டைப் பெட்டிகளைத் தின்பதற்காகக் கோட்டைப் பக்கமிருந்து வந்தவை அவை. வாகனம் வந்தாலும் லேசில் எழும்பாது.

இரண்டு வீடுகளையும் ஒரு கேபிள் இணைத்தது. முன்வீட்டுக் கூரையிலிருந்து பின்வீட்டுக் கூரைக்கு ஒழுங்கைக்கு மேலாக இழுத்துக் கட்டியிருந்தேன். தண்ணீர் பவுசர்களும் உயரமாகச் சாமான் ஏற்றிய லொறிகளும் அதை அடிக்கடி இழுத்து அறுத்துவிடும். அறுந்தால் பின்வீட்டில் கணினி இல்லை, தொலைபேசி இல்லை. எங்கள் தொலைபேசிகள் எல்லாம் கணினி வலையமைப்பின் வழியாகவே பேசுபவை. அதனால் ஒழுங்கைக்குக் கீழே போகும் மழைநீர்க் குழாயினூடாக இரண்டாவது கேபிளையும் விட்டேன். அதன் ஒரு முனையை முன்வீட்டுப் பெட்டியில் கொளுவிவிட்டு, மறுமுனையைப் பின்வீட்டில் தொலைபேசி மேசைக்குக் கீழே சும்மா தொங்கவிட்டேன். மேலே உள்ளது அறுந்தால் இதைக் கொளுவ வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொளுவவே கூடாது. அப்போது பின்வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் முனையைக் கையில் பிடித்துக் காட்டிச் சொல்லியிருந்தேன்.

ஏன் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேபிள்கள் வந்து சேரும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். ஒரு கணினி எல்லாருக்குமாக ஒரு செய்தி அனுப்பினால், "இந்த முகவரிக்காரர் யார், எங்கே இருக்கிறீர்?" என்று கேட்டால், சுவிட்ச் அதைப் பிரதி எடுத்து மற்ற எல்லாத் துளைகளாலும் வெளியே விடும். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவில் ஒரு பாதை இருக்கும்போது அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து முடிந்துவிடும். இரண்டு பாதைகள் இருந்தால் ஒன்றால் போனது மற்றதால் திரும்பி வரும். வந்ததை மறுபடி பிரதி எடுத்து அனுப்பும். அதுவும் திரும்பி வரும். அதை நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் கேபிள் முழுவதும் அந்த ஒரே கேள்வியால் நிரம்பி, வேறு எதுவும் போக இடமில்லாமல் போய்விடும். டிப்ளோமா வகுப்பில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். கண்ணால் கண்டதில்லை.

பின்வீட்டுத் தொலைபேசி மேசைக்கு மூதூரைச் சேர்ந்த ஒரு பெண் புதிதாக வந்தார். அதற்கு முன் முன்வீட்டு வாசலில் வரவேற்பில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூதூரில் முஸ்லிம் வீடுகளில் அம்மாவை உம்மா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்வார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். அவருடைய உம்மாவும் தம்பியும் மூதூரில் இருந்தார்கள். அவர் மட்டும் வேலைக்காகப் பட்டினத்தில் வாடகை அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமைகளில் லாஞ்சில் குடாவைக் கடந்து போய்வருவார். சண்டை தொடங்கியதும் லாஞ்ச் நின்றது. குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழும்புவதை எங்கள் கூரையிலிருந்தே பார்க்கலாம். ஷெல் சத்தம் கேட்கும்போதெல்லாம் ராத்தா பேசிக்கொண்டிருக்கும் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார்.

அந்தக் காலையில் இறங்குதுறையில் எங்கள் படகு ஒன்று ஆயத்தமாக நின்றது. தண்ணீர்க் கலன்களும் மருந்துப் பெட்டிகளும் ஏற்றியாயிற்று. மூதூருக்குப் போய் அவற்றை இறக்கிவிட்டு, காயப்பட்டவர்களை ஏற்றிவர வேண்டும். அதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதி மின்னஞ்சலில் வரும், அதை அச்சிட்டு இறங்குதுறையில் கடற்படையிடம் கொடுத்தால்தான் படகை விடுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கடல் பூட்டு. கைத்தொலைபேசிகளுக்கு அந்த நாட்களில் சிக்னல் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி கூரையில் இருந்த தட்டுத்தான்.

மேலாளர் பிலிப்பைன்சிலிருந்து வந்தவர், சின்ன உருவம், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். கணினிக்கு முன்னால் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி கையெழுத்தாகிவிட்டது, அனுப்பப் போகிறோம் என்று கொழும்பிலிருந்து ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. திரை அப்படியே நின்றது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

செய்மதிப் பெட்டியில்தான் பிழை என்று நினைத்து அதை நிறுத்தி மறுபடி போட்டேன். அது மெதுவாக எழும்பி, தட்டோடு பேசி, பச்சை காட்டியது. ஆனால் கணினியில் ஒன்றும் அசையவில்லை. வைரஸோ என்று பயந்தேன். அப்போதுதான் சுவரில் இருந்த சுவிட்சைத் திரும்பிப் பார்த்தேன். வழமையாக அதன் விளக்குகள் தங்கள் பாட்டுக்கு, ஒன்று இப்போதும் மற்றது பிறகும் என்று மின்னும். இப்போது எல்லாமே ஒரே வேகத்தில், மூச்சுவிட இடமில்லாமல் துடித்தன. சுவிட்சை நிறுத்திப் போட்டேன். ஒரு கணம் அமைதி. பிறகு மறுபடியும் அதே துடிப்பு.

வாசலில் வாகனச் சாரதி சாவியோடு நின்றார். "தங்கச்சி, இப்ப வெளிக்கிட்டாத்தான் துறைக்குப் போய்ச் சேரலாம். சாவடியில வேற நிக்கோணும்" என்றார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

வேறு வழி தெரியாமல் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மேலாளரின் கணினி, கணக்காளரின் கணினி, அச்சு இயந்திரம். ஒவ்வொன்றையும் கழற்றி விளக்குகளைப் பார்த்து மறுபடி கொளுவினேன். துடிப்பு குறையவில்லை. பின்வீட்டுக்குக் கூரையால் போகும் கேபிளைக் கழற்றினேன். அவ்வளவுதான். விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அடங்கின. பிறகு ஒன்று மின்னியது, அடுத்தது மின்னியது, வழமைபோல.

"வந்துவிட்டது" என்றார் மேலாளர். அச்சு இயந்திரம் உறுமிக்கொண்டு கடதாசியை வெளியே தள்ளியது. சாரதி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். மான்கள் எழும்பச் சுணங்கவே ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு போனது வாகனம்.

எனக்கு நிம்மதி வரவில்லை. பின்வீட்டுக் கேபிளைத்தான் கழற்றியிருந்தேன். அப்படியென்றால் பின்வீடு செத்துக்கிடக்க வேண்டும். ஆனால் என் திரையில் வானொலி அறைக் கணினி உயிரோடு தெரிந்தது. கீழே குழாயால் போகும் கேபிளை யாரோ கொளுவியிருந்தால் மட்டுமே அது நடக்கும்.

ஒழுங்கையைக் கடந்து ஓடினேன். தொலைபேசி மேசைக்குக் கீழே ராத்தா முழங்காலில் குந்தியிருந்தார். சுவிட்சில் ஏறியிருந்த அந்த முனையை, கழன்றுவிடுமோ என்று பயந்ததுபோல விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"ராத்தா, இதை நீங்களோ கொளுவினது?"

"ஓம் தங்கச்சி. விடியத் துவங்கி வீட்டுக்கு எடுக்கிறன், போன் செத்துக் கிடக்கு. குனிஞ்சு பார்த்தா வயர் ஒண்டு கழண்டு தொங்குது. அதுதான் வேலை செய்யேல்லையாக்கும் எண்டு நினைச்சன். கொளுவினாப் பிறகும் எடுபடுதில்லையே புள்ள."

"போன் சாகேல்லை ராத்தா. எங்கட பக்கம் எல்லாம் சரியாத்தான் இருந்தது. மூதூர்ப் பக்கம்தான் லைன் இல்லை."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவர் கையை எடுத்தார். மேசைக்குக் கீழிருந்து எழும்பவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

படகு போனது. பொழுதுபடுவதற்குள் காயப்பட்டவர்களோடு திரும்பியும் வந்தது. ராத்தா இறங்குதுறைக்குப் போய் ஒவ்வொருவராகப் பார்த்தார். உம்மாவோ தம்பியோ அதில் இல்லை. சனம் கூட்டம் கூட்டமாகக் கந்தளாய்ப் பக்கம் நடந்து போகிறது என்று படகில் வந்த ஒருவர் சொன்னாராம்.

அடுத்த நாள் பாதுகாப்பு அலுவலர் என்னைக் கூப்பிட்டார். இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். பெரிய உடம்பு. அவர் நடந்து வரும்போது பலகைத் தளம் முனகும்.

"மிஸ், படகுக்கு பர்மிஷன் வாற நேரத்துல நெட்வொர்க் விழுது. அது தானா விழுந்ததா, ஆள் விழுத்தினதா?"

"தவறுதலா ஒரு கேபிள் கொளுவுப்பட்டிட்டுது சேர்."

"யார் கொளுவினது?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒரு கடதாசியில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் "வேண்டுமென்று" என்று ஒரு சொல் வந்துவிட்டால் அந்தக் கடதாசி எங்கே எல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பெயர் சொன்னால் மூதூர்க்காரி விழுத்தினாள். சொல்லாவிட்டால் சாம்பல்தீவுக்காரி மறைக்கிறாள். இரண்டும் எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும்.

"சேர், சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. காட்டுறன். மேலாளரையும் வரச் சொல்லுங்கோ" என்றேன்.

களஞ்சியத்தில் கிடந்த இரண்டு பழைய சுவிட்சுகளைக் கொண்டுவந்து மேலாளரின் மேசையில் வைத்தேன். ஒன்றில் என் மடிக்கணினி, மற்றதில் இன்னொரு கணினி. நடுவில் ஒரு கேபிள். விளக்குகள் தங்கள் பாட்டுக்கு மின்னின. இரண்டாவது கேபிளின் ஒரு முனையை முதல் சுவிட்சில் கொளுவிவிட்டு மறுமுனையைப் பாதுகாப்பு அலுவலரிடம் நீட்டினேன்.

"எங்க கொளுவ?"

"அந்தப் பெட்டியில சேர். எந்தத் துளையெண்டாலும் பரவாயில்லை."

அவர் தடித்த விரலால் அதைத் தள்ளினார். டக் என்று பொருந்தியது. இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கின. என் திரை உறைந்தது. மேலாளர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பாதுகாப்பு அலுவலர் விளக்குகளையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேபிளைக் கழற்றினார். அடங்கியது. மறுபடி கொளுவினார். மறுபடி துடித்தது. இரண்டு மூன்று தரம் அப்படியே செய்தார்.

"அப்ப இப்ப நான்தான் விழுத்தினது" என்றார்.

"ஓம் சேர். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. துளை கிடந்தது, வயர் கிடந்தது."

அவர் சிரிக்கவில்லை. எழும்பி வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "சாமான் பலவீனம். அப்பிடி எழுதுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மேலாளர் கேட்டார்: "அந்த இரண்டாவது கேபிளை வெட்டி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?"

தீராது என்றேன். மேலே உள்ளது அறுகிற நாளில் நான் சாம்பல்தீவில் ஊரடங்குக்குள் இருந்தால் பின்வீட்டுக்கு யார் வந்து கொளுவுவது? இரண்டு கேபிளும் எப்போதும் கொளுவியபடியே இருக்க வேண்டும், ஆனால் ஒன்று மட்டும் வேலை செய்ய வேண்டும். அதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சுவிட்சுகள் இருக்கின்றன, விலை கூடியவை என்றேன். அவற்றில் ஓடும் ஏற்பாட்டுக்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தெரிவுசெய்யும். தலைமையிலிருந்து சிறு சிறு செய்தி இடைவிடாமல் புறப்பட்டு வரும். ஒரே தலைமையின் செய்தி தன்னிடம் இரண்டு பக்கத்தாலும் வருகிறது என்று கண்டால், அடுத்த சுவிட்ச் ஒரு பாதையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மற்றதை அடைத்துவிடும். அடைத்த பக்கத்தில் காது மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். திறந்த பாதை அறுந்தால் அடைத்ததைத் திறக்கும்.

"தானாகவா?"

"தானாக."

மேலாளர் கொழும்புக்கு எழுதினார்.

இரண்டு சுவிட்சுகளும் எங்கள் வாகனத்திலேயே கொழும்பிலிருந்து வந்தன. பட்டினத்துக்குள் வரும் வழியில் பெரிய சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. அங்கே எல்லாச் சாமானையும் இறக்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்ததும் பிரச்சினை. சாரதிக்கு அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்த ஆளை வரச் சொல்லி அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. நான் சைக்கிளில் போனேன்.

தாரில் வெயில் அலையடித்தது. மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் கறுப்பு இரும்புப் பெட்டிகள் இரண்டையும், திருகாணிப் பொட்டலங்களையும், தட்டையான நீலக் கேபிள் ஒன்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் அந்த நீலக் கேபிளை என்னிடம் நீட்டிக் காட்டினார். சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்கக் கணினியோடு கொளுவும் கேபிள் அது. கட்டளை என்பதற்கு எனக்குச் சிங்களம் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். கொமாண்ட் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. யாருக்குக் கட்டளை, எங்கிருந்து கட்டளை, தூரத்திலிருந்து இயக்கலாமா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வலையமைப்புக்குள் இருந்தால் இயக்கலாம் என்றேன்.

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, என்னை அங்கே கிடந்த நீள மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். சாரதி அண்ணையை வாகனத்துக்குள் இருக்கச் சொன்னார்கள். அதிகாரி கொட்டிலுக்குள் போய் வயர்லெஸில் யாரோடோ பேசினார். சாம்பல்தீவு என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. போகிற பஸ்சில் இருந்த சனம் ஜன்னலால் என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. எங்கள் ஊரில் இப்படி வாங்கில் இருந்தவர்களில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்தேன். தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்கவில்லை, கேட்டால் எழும்ப வேண்டும்.

வெயில் சாய்ந்த பிறகு எங்கள் ஜீப் வந்தது. அதிலிருந்து பாதுகாப்பு அலுவலர் இறங்கினார். என்னைப் பார்க்காததுபோல் நேரே அதிகாரியிடம் போனார். நீண்ட நேரம் சிங்களத்தில் பேச்சு. பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மிஸ், இதைக் கரண்ட்டில போட்டுக் காட்ட ஏலுமா?"

"ஏலும் சேர்."

கொட்டிலுக்குள் தேத்தண்ணிக் கேத்தல் கொளுவும் இடத்தில் மின்சாரம் இருந்தது. பெட்டியை மேசையில் வைத்து வயரைக் கொளுவினேன். உள்ளே இருந்த விசிறி பெருஞ்சத்தத்தோடு சுழலத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஆமிக்காரர்கள் பின்னுக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் துவக்கைத் தூக்கியேவிட்டார். நான் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தபடி அசையாமல் நின்றேன். பாதுகாப்பு அலுவலர் ஒரு கையை என் முன்னால் நீட்டி மறித்துக்கொண்டு, பெரிய குரலில் ஏதோ சொன்னார். துவக்குத் தாழ்ந்தது.

அந்தச் சுவிட்சுகள் லேசில் விழித்துக்கொள்வதில்லை. விளக்குகள் செம்மஞ்சளாகி, அணைந்து, மறுபடி எரிந்தன. கடைசியில் ஓரத்தில் ஒரு விளக்கு பச்சையாக நின்றது.

"எச்சரத?" என்றார் அதிகாரி. அவ்வளவுதானா என்று கேட்கிறார்.

"எச்சரய்" என்றேன்.

அவர் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வரும்போது பாதுகாப்பு அலுவலர் தண்ணீர்ப் போத்தலைப் பின்னுக்கு நீட்டினார். "இனி என்னிட்ட சொல்லாமச் சாமான் எடுக்க வாணாம்" என்றார். சரி சேர் என்றேன். போத்தல் முழுவதையும் குடித்து முடித்தேன்.

சுவிட்சுகளைப் பொருத்தினேன். முன்வீட்டில் உள்ளதைத் தலைமை ஆக்கினேன். கூரைக் கேபிளையும் குழாய்க் கேபிளையும் இரண்டு பக்கமும் கொளுவினேன். பின்வீட்டில் கூரைக் கேபிளின் விளக்கு பச்சையாகவும் குழாய்க் கேபிளின் விளக்கு செம்மஞ்சளாகவும் நின்றன.

ராத்தா செம்மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பயந்தார். "புள்ள, இது பிழையா? நான் ஒண்டையும் தொடேல்லை."

"பிழை இல்லை ராத்தா. அது அடைச்சு வைச்சிருக்கு. மற்றது அறுந்தா இது திறக்கும்."

"எவ்வளவு நேரத்தில?"

"அரை நிமிசம் எண்டு வையுங்கோ."

உம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கந்தளாயில் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்துக்கு எங்கள் நிறுவனம் அங்கே ஒரு சிறு அலுவலகம் திறந்தது. அதற்கும் ஒரு செய்மதித் தட்டு. அங்கே வேலைக்கு வந்த ஓர் இளைஞரிடம் ராத்தா தன் உம்மாவின் அடையாளம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். கன்னத்தில் மரு, ஒரு காது மந்தம். அந்த இளைஞர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கேட்டார்.

ஒரு முற்பகல் நான் பின்வீட்டில் சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். துறைமுக வாய்ப் பக்கம் காலையிலிருந்தே சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. ராத்தாவின் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் எழும்பி நின்றார்.

"கந்தளாயில இருந்து" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு தொலைபேசிக்குள், "ஓம் தம்பி, நான்தான். கன்னத்திலயா? எந்தக் கன்னத்தில?"

அந்த நேரத்தில் மிகக் கிட்ட ஒன்று விழுந்தது. ஷெல் எங்கே விழுந்ததென்று பிறகுதான் தெரிந்தது, துறைமுக மதிலுக்கு உள்ளே. ஒழுங்கையில் நின்ற தண்ணீர் பவுசர் பயத்தில் பின்னோக்கிப் பாய்ந்தது. அதன் மேல்குழாய் எங்கள் கூரைக் கேபிளில் மாட்டி, கூரை ஓடுகளையும் பெயர்த்துக்கொண்டு இழுத்துப் போனது. பச்சை விளக்கு அணைந்தது.

"தம்பி? தம்பி?" என்றார் ராத்தா. தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "போயிற்று புள்ள. சத்தமில்லை."

"வைக்காதீங்கோ!" என்று கத்தினேன். "வைச்சிடாதீங்கோ ராத்தா. கையில பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

செம்மஞ்சள் விளக்கு செம்மஞ்சளாகவே நின்றது. அது உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில் கேட்கும், வேறு வளையம் இல்லை என்று நிச்சயப்படுத்தும். பிறகு யார் யார் எங்கே என்று படிக்கும். அதற்குப் பிறகுதான் வழி விடும். அவசரப்பட்டுத் திறந்தால் அன்றைய துடிப்புத்தான் மறுபடி வரும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். இன்னொரு ஷெல் விழுந்தது. வானொலி அறையிலிருந்தவர்கள் மேசைகளுக்குக் கீழே போனார்கள். "கீழ வாங்கோ ரெண்டு பேரும்!" என்று கத்தினார்கள். ராத்தா தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஓதியபடி நின்றார். மறுமுனையில் அந்த இளைஞர் சத்தம் இல்லை என்று வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் நினைத்தேன். அதை எந்தச் சுவிட்சாலும் தடுக்க ஏலாது.

விளக்கு பச்சையானது.

ராத்தாவின் முகம்தான் எனக்குச் சொன்னது. வாய் ஓதுவதை நிறுத்தியது. தொலைபேசியிலிருந்து எனக்கே கேட்கும்படியாக ஒரு கிழட்டுக் குரல், காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் உரத்து, "ஹலோ, ஹலோ, யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் தொலைபேசியை வைக்காமல் உம்மாவின் கையில் கொடுத்திருந்தார். உம்மாவும் இவ்வளவு நேரமும் வெறும் காற்றிடம் ஹலோ சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"உம்மா" என்றார் ராத்தா. நிலத்தில் இருந்துவிட்டார். தொலைபேசி வயர் இழுபட, நான் தொலைபேசியைத் தூக்கி அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். உம்மா எதையோ நீளமாகச் சொன்னார். ராத்தா, "ஓம் உம்மா, ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி எங்க?" என்று கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. ராத்தா மறுபடியும் அதையே கேட்டார்.

ராத்தாவின் தம்பி உம்மாவோடு நடந்துதான் வந்திருக்கிறார். வழியில் ஆண்களை வேறாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். யார் பிரித்தார்கள் என்று உம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, முகத்தை மூடியிருந்தார்களாம். பின்னால் வருவான் என்று நினைத்து உம்மா நடந்திருக்கிறார்.

ஷெல் ஓய்ந்ததும் பாதுகாப்பு அலுவலர் ஒழுங்கையைக் கடந்து வந்தார். கூரை உடைந்து கேபிள் மான்கள் படுக்கும் இடத்தில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, பின்வீட்டில் எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்து வந்தவர். ராத்தா தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கந்தளாய்க்கு அடுத்த நாள் காலையில் போகிற வாகனத்தில் ராத்தாவுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லி மேலாளரிடம் போனார்.

ராத்தா போய் உம்மாவைப் பட்டினத்துக்குக் கூட்டி வந்து தன் வாடகை அறையில் வைத்துக்கொண்டார். சண்டை தெற்கே நகர்ந்த பிறகு மூதூருக்கு லாஞ்ச் மறுபடி ஓடியது. அவர்கள் போய் வீட்டைப் பார்த்தார்கள். கூரை இல்லை, கிணறு இருந்தது. உம்மா அங்கேயே தங்கிவிட்டார். ராத்தா நிறுவனம் மூடும்வரை பின்வீட்டுத் தொலைபேசிக்கு இருந்தார். தம்பியைப் பற்றி அவர் எழுதாத இடம் இல்லை, போய்க் கேட்காத முகாம் இல்லை. எந்தச் செய்தியும் வரவில்லை. இப்போதும் ரமழான் மாதத்தில் எனக்கு எடுப்பார். உம்மா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று சொன்னதும் அப்படி ஒரு அழைப்பில்தான். பேசி முடித்த பிறகும் அவர் உடனே தொலைபேசியை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை.